வண்டியோடு வண்டி பேசும்போது: பெங்களூரு வாசகர் கேள்வி பதில்

வண்டிகளுக்கு இடையேயான கம்பியில்லாத் தொடர்பு பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சார், நான் டாக்ஸி ஓட்டுகிறேன். இனிமேல் வரும் கார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று வண்டியில் வந்த பயணி சொன்னார். அதற்குத் தனியாக சிம் போடணுமா? டவர் கிடைக்காத இடத்தில் வேலை செய்யுமா? அப்படி என்னதான் பேசும்?
(அல்சூர் வாசகர்)

பதில்: சிம் வேண்டாம், டவரும் வேண்டாம். உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஜிபிஎஸ் பெட்டி இருந்தால் அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏஐஎஸ்-140 விதிப்படி பொருத்தும் அந்தப் பெட்டி, வண்டி இருக்கும் இடத்தை செல்போன் நெட்வொர்க் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பும். பக்கத்து வண்டிக்கு அது ஒன்றும் சொல்லாது. நீங்கள் கேட்கும் கருவியோ 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேரடியாக ஒலிபரப்பும்; கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் அது கேட்கும். திறந்த நெடுஞ்சாலையில் சில நூறு மீட்டர் சர்வசாதாரணம். நடுவில் ஒரு பிஎம்டிசி பஸ் நின்றாலே தூரம் வெகுவாகக் குறையும்.

பேசுவது கொஞ்சம்தான்: எங்கே இருக்கிறேன், என்ன வேகம், எந்தத் திசை, பிரேக் மிதித்திருக்கிறேனா, வண்டியின் நீள அகலம் என்ன. அமெரிக்க முறையில் இதை வினாடிக்கு 10 தடவை சொல்லும்; ஐரோப்பிய முறையில் நிலைமையைப் பார்த்து 1 முதல் 10 தடவை. உங்களுக்கு முன்னால் லாரி, லாரிக்கு முன்னால் ஒரு கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார் சடன் பிரேக் போட்டால் லாரிக்காரர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே உங்கள் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரலாம். இதுதான் இந்தக் கருவியின் முதல் பயன்.

ரேடியோவில் இரண்டு வகை உண்டு. வைஃபை வழியில் வந்தது 802.11பி (802.11p), 2010-இல் தரமாக வெளிவந்தது. செல்போன் வழியில் வந்தது சி-வி2எக்ஸ். செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 14-ஆம் வெளியீட்டில், 2017-இல் வந்தது. பெயரில் செல்போன் வாடை அடித்தாலும் டவர் இல்லாமலே இயங்கும் முறை இதிலும் இருக்கிறது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. அமெரிக்கா 1999-இல் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, 2020-இல் அதில் 45-ஐப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்து, மிச்சம் 30-ஐ சி-வி2எக்ஸுக்கு என்று தீர்மானித்தது.

ஒன்றை மறக்கவேண்டாம். இரண்டு வண்டியிலும் கருவி இருந்தால்தான் பேச்சு. நூற்றில் பத்து வண்டிக்குக் கருவி வந்துவிட்டாலும், எதேச்சையாக எதிர்ப்படும் இரண்டு வண்டிகளிலும் அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். டூவீலர் நிறைந்த நம் ஊரில் இதைக் கண்ணாடி பார்ப்பதற்கு மாற்றாக நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டில் வண்டிகளுக்கு இடையே ஏஓடிவி ரவுட்டிங் (செய்தி வண்டி வண்டியாகத் தாவிப் போக வழி தேடி நினைவில் வைக்கும் முறை) செய்து பார்க்கிறோம். வண்டிகள் மெதுவாகப் போகும்போது சரியாக இருக்கிறது. ஓசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகம் வைத்தால் பாக்கெட்டுகள் (செய்தித் துண்டுகள்) பாதி வழியில் விழுகின்றன. எந்த அளவுருவை மாற்ற வேண்டும்?
(பொறியியல் மாணவர்கள், மடிவாளா)

பதில்: அளவுருவை மாற்றிப் பெரிய பலன் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரெதிரே 60-இல் வரும் இரண்டு வண்டிகளின் சார்பு வேகம் 120, அதாவது வினாடிக்கு 33 மீட்டர். கேட்கும் தூரம் 300 மீட்டர் என்றால், நெருங்கி வந்து கடந்து விலகும்வரை 600 மீட்டர். மொத்த உறவும் 18 வினாடி. ஏஓடிவியின் இயல்பு அமைப்பில், நான் இருக்கிறேன் என்று அண்டை வண்டிக்குச் சொல்லும் ஹலோ செய்தி வினாடிக்கு ஒன்று. இரண்டு ஹலோ தவறினால்தான் இணைப்பு போனதாக அது ஒப்புக்கொள்ளும். இணைப்பு அறுந்தது தெரியவே 2 வினாடி. அதற்குள் 66 மீட்டர் போயாயிற்று. பிறகு வழி தேடும் கோரிக்கையை ஊர் முழுக்கப் பரப்பி, பதில் வந்து சேர்வதற்குள் அந்த வழியில் இன்னொரு கண்ணி அறுந்திருக்கும். ஹலோவை 200 மில்லி விநாடியாகக் குறைத்தால் அறுந்தது சீக்கிரம் தெரியும். ஆனால் சேனல் ஹலோவாலேயே நிரம்பிவிடும். வழியை மனப்பாடம் செய்து வைக்கும் எந்த முறைக்கும் சாலையில் இதே கதிதான்.

வழியை நினைவில் வைக்காமல் இடத்தை மட்டும் பார்த்து அனுப்பும் முறைக்கு மாறுங்கள். 2000-இல் வந்த ஜிபிஎஸ்ஆர் இதில் பழையது: சேருமிடத்துக்கு மிக அருகில் இருக்கும் அண்டை வண்டியிடம் பாக்கெட்டைத் தள்ளிவிடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சேருமிடத்துக்கு மிக அருகில் இருப்பது என்றால் பெரும்பாலும் உங்களிடமிருந்து மிகத் தொலைவில், கேட்கும் எல்லையின் ஓரத்தில் நிற்கும் வண்டி. அண்டை அட்டவணையில் (பக்கத்து வண்டிகளின் பட்டியல்) அதன் இடம் பதிந்து ஒரு வினாடி ஆகியிருந்தாலே அது எல்லையைத் தாண்டியிருக்கும். எனவே கடைசியாகக் கேட்ட இடத்தை அப்படியே எடுக்காமல், வேகத்தையும் திசையையும் வைத்து இப்போது எங்கே இருக்கும் என்று கணித்துக்கொள்ளுங்கள். கேட்கும் தூரத்தில் 80 சதவீதத்துக்கு வெளியே நிற்பவர்களை அடுத்த தாவலுக்கு (ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குப் போவது ஒரு தாவல்) எடுக்காதீர்கள். தாவல் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடும், விழும் பாக்கெட் நிறையக் குறையும்.

அதைவிட நல்ல வழி, அனுப்புகிறவர் ஆளைத் தேர்ந்தெடுக்காமல், கேட்டவர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது. இடத்தைப் பார்த்துச் செய்தி அனுப்பும் ஐரோப்பிய ஜியோநெட்வொர்க்கிங் தரத்தில் போட்டி முறை முன்னனுப்பல் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது. பாக்கெட்டைக் கேட்ட ஒவ்வொரு வண்டியும் ஒரு டைமரை ஓடவிடும். அனுப்பியவரிடமிருந்து தொலைவில் இருப்பவருக்குக் குறைந்த நேரம், அருகில் இருப்பவருக்கு அதிக நேரம். முதலில் டைமர் முடிந்தவர் அனுப்புவார். மற்றவர்கள் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். இயல்பு மதிப்புகள்: குறைந்தது 1 மில்லி விநாடி, அதிகபட்சம் 100, பெருந்தொலைவு (கேட்கும் தூரத்தின் உச்ச வரம்பு) 1000 மீட்டர்.

அந்த 1000-ஐ அப்படியே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. கட்டடமும் பஸ்ஸும் நிறைந்த இடத்தில் உங்கள் நிஜத் தொலைவு 250 மீட்டர் என்றால், மிகத் தொலைவில் இருப்பவரே 75 மில்லி விநாடி காத்திருப்பார். 240 மீட்டரில் ஒருவர், 250-இல் ஒருவர் என்றால் இருவர் டைமருக்கும் இடையே வித்தியாசம் 1 மில்லி விநாடிதான். சேனல் நெரிசலில் ஒருவர் அனுப்பியதை மற்றவர் உணர்வதற்குள் அவரும் அனுப்பிவிடுவார். ஒரே பாக்கெட் இரட்டிப்பாகும். பெருந்தொலைவை 300 ஆக்குங்கள். அதே 10 மீட்டர் வித்தியாசம் 3.3 மில்லி விநாடியாக விரியும். காத்திருப்பும் 17 அளவுக்கு இறங்கும்.

ஆய்வறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: பிரேக் எச்சரிக்கை போன்ற பாதுகாப்புச் செய்திகளுக்கு ரவுட்டிங்கே தேவையில்லை. அவை ஒரு தாவலில் முடிந்துவிடும். முன்னால் சாலை அடைபட்டிருக்கிறது என்று இரண்டு கிலோமீட்டர் பின்னால் வருபவருக்குச் சொல்லத்தான் பல தாவல் வேண்டும். அது இரண்டு வினாடி தாமதமானாலும் குடி முழுகிப்போகாது. நடுவில் வண்டியே இல்லாவிட்டால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, அடுத்த வண்டி எதிர்ப்பட்டதும் கொடுக்கும் முறையும் இதற்குப் போதும்.

கேள்வி: எங்கள் சோதனைக் கருவி சிக்னலில் அசையாமல் நிற்கும்போதும் வினாடிக்கு 8, 10 என்று செய்தி அனுப்புகிறது. ஐரோப்பிய விதிப்படி நின்றால் ஒன்றுதானே அனுப்ப வேண்டும்? சில்க் போர்டு சந்திப்பில் எடுத்த பதிவில் பாதிச் செய்தி காணோம்.
(அவுட்டர் ரிங் ரோடு மென்பொருள் ஊழியர்)

பதில்: திசை மதிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும்.

ஐரோப்பிய விதிப்படி முந்தைய செய்திக்குப் பிறகு திசை 4 டிகிரிக்கு மேல், அல்லது இடம் 4 மீட்டருக்கு மேல், அல்லது வேகம் வினாடிக்கு அரை மீட்டருக்கு மேல் மாறினால் உடனே புதுச் செய்தி. எதுவும் மாறாவிட்டால் வினாடிக்கு ஒன்று. ஜிபிஎஸ் தரும் திசை, வண்டி நகரும் திசையிலிருந்து வருவது. வண்டி நின்றுவிட்டால் அந்த எண் வெறும் இரைச்சல். 20 டிகிரி, 200 டிகிரி என்று நொடிக்கு நொடி துள்ளும். 4 டிகிரி விதி ஒவ்வொரு முறையும் தூண்டப்படும். நெடுஞ்சாலைச் சோதனையில் இது தெரியவே தெரியாது. சில்க் போர்டில் தெரியும்.

விலை என்ன தெரியுமா? மின்கையெழுத்தோடு (அனுப்பியவர் நிஜமானவர் என்று காட்டும் குறி) சேர்த்து ஒரு செய்தி 300 பைட் என்று வைப்போம். 802.11பி-யின் வழக்கமான 6 மெகாபிட் வேகத்தில் அது காற்றில் இருக்கும் நேரம் சுமார் 450 மைக்ரோ விநாடி. கேட்கும் தூரத்துக்குள் 200 கருவிகள் வினாடிக்கு 10 தடவை பேசினால், ஒரு வினாடியில் 0.9 வினாடி சேனல் நிறைந்திருக்கும். வினாடிக்கு ஒன்று என்றால் 0.09. இது பொதுவாக ஒலிபரப்பும் செய்தி என்பதால் கிடைத்ததற்கு ஒப்புதல் வராது, மறு அனுப்பல் கிடையாது, மோதல் நடந்ததே அனுப்பியவருக்குத் தெரியாது. காணாமல் போன பாதிச் செய்தி அப்படித்தான் போயிருக்கும்.

சரிசெய்ய: வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனதும் கடைசி நல்ல திசையை உறையவைத்துவிடுங்கள். சக்கர வேகம் வண்டியின் உள் தகவல் இணைப்பான கேன் பஸ்ஸிலிருந்து கிடைத்தால் அதை நம்புங்கள், ஜிபிஎஸ் வேகத்தை அல்ல. முடிந்தால் வண்டி திரும்புவதை அளக்கும் ஜைரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேனல் எவ்வளவு நேரம் நிறைந்திருக்கிறது என்பதை அளந்து அனுப்பும் வேகத்தைக் குறைக்கும் நெரிசல் கட்டுப்பாட்டையும் அணைத்து வைக்காதீர்கள். சோதனைக்காக அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறப்பது இந்தத் துறையில் ரொம்ப சகஜம். அமெரிக்க முறையில் அந்தக் கட்டுப்பாடு இடைவெளியை 100-இலிருந்து 600 மில்லி விநாடி வரை நீட்டும்.

கேள்வி: எல்லாச் செய்தியும் திறந்தபடியே போகிறது என்கிறார்கள். வங்கிச் செயலியே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட இதை ஏன் மறையாக்கம் செய்வதில்லை? கையெழுத்து மட்டும் போதுமா?
(விவேக் நகர் வாசகி)

பதில்: முகம் தெரியாத பக்கத்து வண்டிக்குப் புரிய வேண்டிய செய்தியைப் பூட்டினால் சாவியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், எல்லோரிடமும் இருக்கும் சாவி எதற்கு? இங்கே ரகசியம் தேவையில்லை. செய்தி நிஜமான கருவியிலிருந்து வந்ததா, வழியில் யாராவது திருத்தினார்களா, பழையதைத் திரும்ப ஓட்டுகிறார்களா, இந்த மூன்றுதான் கேள்வி. ஐஇஇஇ 1609.2 தரப்படி ஒவ்வொரு செய்தியிலும் 64 பைட் மின்கையெழுத்து இருக்கும். கையெழுத்திட்டவரின் சான்றிதழையும் (கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் ஆவணம்) ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பினால் இடம் அடைக்கும் என்பதால், ஐரோப்பிய முறையில் வினாடிக்கு ஒருமுறை முழுச் சான்றிதழ், மற்றச் செய்திகளில் அதன் 8 பைட் சுருக்கம். புதிதாக எதிர்ப்பட்ட வண்டியின் முதல் சில செய்திகளைச் சரிபார்க்க முடியாமல் போவது இதனால்தான். முழுச் சான்றிதழ் இன்னும் வந்திருக்காது. சந்தில் இருந்து திடீரென்று வரும் வண்டிக்கு இந்த அரை வினாடி முக்கியம். ஆகவே புது முகம் ஒன்றைக் கண்டதும் அடுத்த செய்தியிலேயே முழுச் சான்றிதழைச் சேர்க்கும்படி அமைப்பார்கள்.

200 வண்டிகள் 10 தடவை பேசினால் வினாடிக்கு 2000 கையெழுத்துச் சரிபார்ப்பு. இதற்கென்றே வன்பொருள் முடுக்கி வைக்கிறார்கள். அது இல்லாத கருவிகளில், எச்சரிக்கை எழுப்பக்கூடிய செய்தியை மட்டும் சரிபார்த்துவிட்டு, பின்னால் 150 மீட்டரில் விலகிப் போகும் வண்டியின் செய்தியைச் சும்மா விட்டுவிடுவார்கள். இது சோம்பல் அல்ல, சரியான முறைதான். எச்சரிக்கை ஒலிக்கும் முன்பு மட்டும் சரிபார்க்காமல் விடக் கூடாது.

போதுமா என்று கேட்டீர்கள். போதாது. யார் பேசினார் என்பதற்குத்தான் கையெழுத்து சாட்சி. பேசியது உண்மையா என்பதற்கு அல்ல. உண்மையான சான்றிதழ் உள்ள கருவியில் யாராவது பொய் இடத்தை ஊட்டினால் கையெழுத்து அழகாகப் பொருந்தும். அதனால் பெறுகிற கருவி சில நம்பகச் சோதனைகளைச் செய்யும். வேகம் 60 என்று சொல்பவர் ஒரு வினாடியில் 40 மீட்டர் நகர்ந்தாரா? கேட்கும் தூரம் 500 என்று இருக்க, 1500 மீட்டரில் இருப்பதாகச் சொல்பவரின் பேச்சு எப்படிக் கேட்டது? இரண்டு வண்டி ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று நிற்கிறதா? எங்கிருந்தோ வராமல் நடுச் சாலையில் முளைத்ததா?

பெங்களூரில் இதில் மூன்றாவது சோதனை அவமானப்படுத்தும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை 10 கிலோமீட்டர் அளவுக்கு ஓசூர் ரோட்டுக்கு நேர் மேலேயே போகிறது. மேலே ஒரு வண்டி, கீழே ஒரு வண்டி, அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்று. இரண்டு பேரும் பொய்யர் என்று கருவி புகார் எழுதும். அதைவிட மோசம், மேலே ஒருவர் பிரேக் போட்டதற்குக் கீழே போகிறவருக்கு எச்சரிக்கை. உயரத்தைப் பார்க்கலாமே என்றால், ஜிபிஎஸ்ஸில் உயரப் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையைவிடப் பெரியது. பாலத்தின் அடியில் வானம் பாதி மறைந்திருக்கும்போது இன்னும் மோசம். உயரத்தை மட்டும் நம்பாமல் வந்த வழியை நம்புங்கள்: ஏற்றச் சரிவில் ஏறியவரை, இறக்கச் சரிவு வரும்வரை மேல்தளத்தவராக நினைவில் வையுங்கள். செய்தியோடு வரும் பாதை வரலாற்றில் எதிராளி எங்கே ஏறினார் என்பதும் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். பொய்யரைப் பிடிக்கும் நிரல் எழுதுபவர்களுக்கு. அமெரிக்கச் செய்தி வடிவத்தில் வேகத்தின் அலகு வினாடிக்கு 0.02 மீட்டர், 8191 என்றால் வேகம் தெரியவில்லை என்று அர்த்தம். அதை எண்ணாகவே படித்தால் மணிக்கு 590 கிலோமீட்டர். பாவம், அந்த வண்டிக்காரர் ஒரு தப்பும் செய்திருக்கமாட்டார்.

கேள்வி: ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து என்றால் என் வண்டி எங்கே போகிறது என்று யார் வேண்டுமானாலும் தொடர முடியுமே?
(ஃப்ரேசர் டவுன் வாசகர்)

பதில்: அதற்காகத்தான் சான்றிதழில் பெயரோ வண்டி எண்ணோ இருக்காது. அமெரிக்க வடிவமைப்பில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கும். 20-உம் ஒரே வண்டியுடையவை என்று இணைத்துப் பார்க்கத் தேவையான தகவலை இரண்டு தனித்தனி அமைப்புகளிடம் பாதி பாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விஷமம் செய்யும் கருவியைத் தள்ளிவைக்கும்போது மட்டும் இரண்டு பாதியும் சேரும். ஒரே பதிவில் அந்தக் கருவியின் மிச்சச் சான்றிதழ்கள் அனைத்தும் செல்லாமல் போகும்.

மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நொடியில் மாற்ற வேண்டும். சான்றிதழை மாற்றிவிட்டு ரேடியோவின் அடையாள எண்ணான மேக் முகவரியையோ செய்தி வரிசை எண்ணையோ பழையபடி விட்டால் புனைபெயருக்கு அர்த்தமே இல்லை. நடுச்சாலையில் தன்னந்தனியாகப் போகும்போது மாற்றினாலும் வீண்தான். அதே வேகத்தில் அதே தடத்தில் வேறு யார் போகப் போகிறார்கள்? இந்த விஷயத்தில் நெரிசல் நமக்கு நல்லது. 20 சான்றிதழும் ஒரே வாரத்தில் செல்லுபடியாகும் என்பதால் ஒரு களவுக் கருவி 20 வண்டியாக வேஷம் போடலாம். தனியுரிமைக்குக் கொடுக்கும் விலை அது. மேலே சொன்ன நம்பகச் சோதனைகள்தான் அதற்குக் காவல்.

கேள்வி: இரண்டு கருவி நிறுவனங்களின் பெட்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். கையெழுத்து சரி. ஆனால் ஒன்று மற்றதன் எல்லாச் செய்தியையும் நேரம் தப்பு என்று தள்ளுகிறது. இரண்டிலும் ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது.
(வைட்ஃபீல்டு வாசகர்)

பதில்: வித்தியாசம் சரியாக 5 வினாடியா? ஆமென்றால் லீப் வினாடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் ஒரு வினாடி). இந்தத் தரங்களில் கடிகாரம் 2004 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது, லீப் வினாடியைக் கழிக்காமல். அன்றிலிருந்து இன்றுவரை 5 லீப் வினாடிகள் சேர்ந்திருக்கின்றன: 2005, 2008 ஆண்டுகளின் இறுதி, 2012, 2015 ஜூன், 2016 இறுதி. கணினியின் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்திலிருந்து 2004-ஐ அப்படியே கழித்தவர் 5 வினாடி பின்தங்குவார். வித்தியாசம் 18 வினாடி என்றால் யாரோ ஜிபிஎஸ் நேரத்தையே யூடிசி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியை இயக்கிய முதல் சில நிமிடங்கள் மட்டும் தப்பாக இருந்து பிறகு சரியாகிறதென்றால், செயற்கைக்கோள் லீப் வினாடி எண்ணிக்கையை அனுப்பும்வரை பொறுக்காமல் கருவி பேசத் தொடங்கிவிட்டது. எண்ணிக்கை வரும்வரை வாயை மூடியிருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரிக் கண்காட்சிக்கு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லு), நியோ-6எம் ஜிபிஎஸ் வைத்து மூன்று ஸ்கூட்டர்களுக்கு இடையே பாதுகாப்பான செய்தி அனுப்ப ஆசை. எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கியாயிற்று. அந்தச் சில்லுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஈஎஸ்பி-நவ்வில் மறையாக்கம் போட்டால் வேலை செய்யவில்லை.
(ஸ்ரீராமபுரம் மாணவி)

பதில்: ஈஎஸ்பி-நவ் மறையாக்கம் ஒருவருக்கு ஒருவர் அனுப்புவதற்கு மட்டும், பொதுவாக ஒலிபரப்பும் செய்திக்கு அது கிடையாது. தேவையும் இல்லை, காரணம் முன்பே சொன்னோம். செய்தியோடு நீங்களே சரிபார்ப்புக் குறியைச் சேருங்கள்.

செய்தி அமைப்பு: கருவி எண் 4 பைட், எண்ணிக்கை 4, நேரம் 8, அட்சரேகை 4, தீர்க்கரேகை 4, வேகம் 2, திசை 2. மொத்தம் 28. ரகசியச் சாவியால் கணக்கிடும் எச்மேக்-ஷா256 குறியை 16 பைட்டாக வெட்டிச் சேர்த்தால் 44. ஈஎஸ்பி-நவ்வின் பழைய 250 பைட் எல்லைக்குள் தாராளம். மூன்று ஸ்கூட்டரிலும் ஒரே ரகசியச் சாவி இருக்கும். ஒன்று களவுபோனால் மூன்றும் போச்சு, யார் பேசினார் என்று நிரூபிக்கவும் முடியாது. கண்காட்சிப் பலகையில் இந்தக் குறையை நீங்களே எழுதிவையுங்கள், நடுவர் கேட்பதற்கு முன். பி-256 மின்கையெழுத்தையே போட ஆசை என்றால் இடம் இருக்கிறது, ஆனால் ஈஎஸ்பி32 அதை மென்பொருளில் செய்யும்போது திணறும். அனுப்புவதை வினாடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண் வடிவம்) வைக்காதீர்கள். பெங்களூரின் தீர்க்கரேகை 77.6-இல் அதன் ஒரு படி முக்கால் மீட்டருக்கு மேல். மெதுவாகப் போகும்போது வண்டி தாவித் தாவிப் போவதாகத் தெரியும். டிகிரியைக் கோடியால் பெருக்கி முழு எண்ணாக வையுங்கள்.

நியோ-6எம் இயல்பில் வினாடிக்கு ஒரு இடம், 9600 பாட் வேகம். 5 ஆகக் கூட்டினால் ஜிபிஎஸ் தரும் எல்லாத் தகவல் வரிகளையும் 9600-இல் அனுப்ப முடியாமல் பாதி வரியில் வெட்டுப்படும், செக்சம் பிழை குவியும். 9600 பாட் என்றால் வினாடிக்கு 960 எழுத்துதான். ஆர்எம்சி, ஜிஜிஏ இரண்டை மட்டும் வைத்து மற்ற வரிகளை அணையுங்கள், அல்லது 38400-க்கு மாற்றுங்கள். இந்த அமைப்பு மின்சாரம் போனால் மறந்துபோகலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரும்ப அனுப்பிவிடுங்கள்.

பழைய செய்தியைத் திரும்ப ஓட்டுவதைத் தடுக்க, எண்ணிக்கை கடைசியாகக் கேட்டதைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே மாட்டிக்கொள்வீர்கள்: ஸ்கூட்டரை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய், மற்ற இரண்டும் அதை ஒதுக்கிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் ஃப்ளாஷில் எழுதினால் ஃப்ளாஷ் தேய்ந்துபோகும். 1000-த்துக்கு ஒருமுறை மட்டும் எழுதி, இயக்கும்போது சேமித்த எண்ணோடு 1000 கூட்டித் தொடங்குங்கள்.

கேள்வி: ஜியோநெட்வொர்க்கிங்கில் பாக்கெட்டுக்குக் கையெழுத்து இருந்தும் தாக்க முடியும் என்று படித்தேன். எப்படி?
(ஆராய்ச்சி மாணவி, மல்லேஸ்வரம்)

பதில்: மிச்சத் தாவல் எண் கையெழுத்துக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் அதை ஒன்று குறைத்து அனுப்ப வேண்டியிருப்பதால் மூல அனுப்புநர் அதற்குக் கையெழுத்திட முடியாது. மடிவாளா மாணவர்களுக்குச் சொன்ன டைமர் முறையில், தாக்குபவர் பாக்கெட்டைக் கேட்ட உடனே, டைமரே இல்லாமல், தாவல் எண்ணை 1 ஆக்கித் திரும்ப ஒலிபரப்புகிறார். காத்திருந்த நல்ல வண்டிகள் யாரோ அனுப்பிவிட்டார்கள் என்று டைமரை ரத்து செய்யும். புதிதாகக் கேட்டவர்களோ எண் தீர்ந்ததால் முன்னனுப்ப மாட்டார்கள். ஒரு கையெழுத்தும் உடையாமல் எச்சரிக்கை அங்கேயே செத்துப்போகும்.

காப்பு எளிது: இரண்டாவது முறை கேட்ட பிரதியில் தாவல் எண் முதல் பிரதியைவிட ஒன்றிரண்டுக்கு மேல் இறங்கியிருந்தால் டைமரை ரத்து செய்யாதீர்கள். இதே குடும்பத்தில் இன்னொன்று, தொலைவில் இருக்கும் வண்டியின் இருப்புச் செய்தியை அப்படியே உங்களுக்குத் திரும்ப ஓட்டுவது. கையெழுத்தும் நேரமும் சரியாக இருக்கும். நீங்கள் அந்த வண்டியை அண்டை என்று நம்பி, எட்டாத ஆளிடம் பாக்கெட்டைத் தள்ளுவீர்கள். அண்டை அட்டவணையில் சேர்க்கும் முன் தூரத்தைச் சோதிப்பதே மருந்து.

கேள்வி: சுமோவில் (போக்குவரத்தைக் கணினியில் நடித்துக் காட்டும் மென்பொருள்) பெங்களூரு வரைபடம் ஏற்றி, வண்டிகளின் ரேடியோப் பேச்சை நடித்துக் காட்டும் வெய்ன்ஸில் ஓட்டினால் எல்லா முறையும் பிரமாதமாக வருகிறது. நம்பலாமா?
(எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

பதில்: நம்பாதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலையை எடுத்தவர்கள் பலர் கட்டடங்களை எடுப்பதில்லை. எடுத்தாலும் பல தெருக்களில் கட்டடமே வரையப்பட்டிருக்காது. வெய்ன்ஸின் மாதிரி அமைப்பு ஒவ்வொரு சுவருக்கும் 9 டெசிபெல், உள்ளே ஒவ்வொரு மீட்டருக்கும் 0.4 டெசிபெல் கழிக்கும். கட்டடம் இல்லாவிட்டால் கழிக்க ஒன்றுமில்லை, சந்துமுனையில் எதிர் வண்டி கண்ணாடி போலத் தெரியும். ஒரே தடத்தில் வண்டிகளைப் பக்கம்பக்கமாகப் போகவிடும் சுமோவின் துணைத்தட மாதிரியை இயக்கி, பக்கவாட்டுத் துல்லியத்தை 0.8 மீட்டர் அளவில் வைத்தால்தான் டூவீலர்கள் இடுக்கில் நுழையும். இல்லாவிட்டால் கார்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும், வண்டி அடர்த்தி பாதியாகத் தெரியும். வண்டிகளே சிக்னலை மறைப்பதையும் சேருங்கள். இவ்வளவும் சேர்த்த பிறகும் பிரமாதமாக வரும் முறை இருந்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.

கேள்வி: 5.9 கிகாஹெர்ட்ஸ் கருவி வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வீட்டு மாடியில் சோதித்துப் பார்க்கலாமா?
(கே.ஆர். புரம் வாசகர்)

பதில்: ஒலிபரப்பாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபர் அறிவிக்கை விட்டுக்கொடுத்த பகுதி 5875 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. உங்கள் கருவி அதற்கு மேலே பேசும். தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை உரிமம் தரும் டபிள்யூபிசி பிரிவில், சரல் சஞ்சார் இணையதளம் வழியாகச் சோதனை உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் புதிய அறிவிக்கைகளையும் பார்த்துவிடுங்கள். அதுவரை இரண்டு கருவிகளின் ஆன்டெனாவைக் கழற்றி, நடுவில் 60 டெசிபெல் அளவுக்குச் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டு கேபிளால் இணையுங்கள். அட்டெனுவேட்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் எதிர்ப்பக்க ரிசீவர் பழுதாகிவிடலாம்.